மாதப்பனின் வலியில்லாத கழுத்து

கழுத்தைப் பிடித்துச் சோறு தின்கிற தொழில் என்னுடையது. ஜூஜுவாடியில் நான் வைத்திருக்கும், கையாலேயே எலும்பைத் திருப்பிச் சரிசெய்கிற கைரோபிராக்டிக் கிளினிக்குக்கு வருகிற எல்லோருக்கும் வேண்டியது ஒரே ஒரு 'மடக்' சத்தம். கழுத்தைத் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கிற உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

யாருடைய கை?

மாதப்பன் ஒரு கம்பெனியில், இரும்புத் தகட்டை மிஷினில் அழுத்தி வடிவமாக்குகிற பிரஸ் ஷாப் ஆபரேட்டர். நாற்காலியில் உட்கார்ந்ததும் வலது கையை இடது கையால் தூக்கி, டிபன் கேரியரை வைப்பதுபோல மடியில் வைத்துக்கொண்டார். கழுத்தில் வலியே இல்லை. சுண்டு விரலும் மோதிர விரலும்தான் மரத்துப் போயிருந்தன. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் டிஸ்க் பிதுங்கினால் இப்படி ஆகும். அங்கே பிதுங்குவது அபூர்வம். அதுவரை ஒன்றுதான் பார்த்திருந்தேன். ஸ்கேன் எடுத்து வரச் சொன்னேன்.

அவருடைய மிஷினில் இரண்டு பட்டன். இரண்டு கையும் சேர்ந்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்று அந்த ஏற்பாடு. "கண்ணால பாத்தாத்தான் மேடம் அழுத்துறது எங்கைன்னு தெரியுது. பாக்காட்டி, யாரோ பக்கத்துல நின்னு அழுத்துற மாதிரி இருக்குது" என்றார்.

அமாவாசைப் பூசணி

ஸ்கேனுக்கு அவர் போகவில்லை. கையிலிருந்து தகட்டுப் பீஸ் நழுவி நழுவி விழுந்ததில், மிஷினில்தான் ஏதோ காத்து கருப்பு இருக்கிறது என்று கூட வேலை செய்கிறவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அமாவாசைக்குக் கம்பெனி கேட்டில் சுற்றி உடைக்கிற பூசணிக்காயை அந்த மாதம் மிஷினுக்குச் சுற்றினார்கள். மறுநாளும் பீஸ் விழுந்தது. அதற்கப்புறம் கேன்டீனில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லையாம். சூப்பர்வைசர் அவரிடம் சொன்னது இது: "மிஷின வுட்டுட்டுது மாதப்பா. இப்ப உங்கூடத்தான் இருக்குது."

சந்தையில் கிடைத்தது

மூன்றாவது வாரம் மனைவி ரத்னம்மாவோடு வந்தார். அப்போதும் ஸ்கேன் இல்லை. சலூனில் முடிவெட்டிய கையோடு கழுத்தை இரண்டு பக்கமும் சொடுக்கிவிட்டார்களாம். நானும் ஒருமுறை சொடுக்கினால் சரியாகிவிடும் என்று மேசையில் ஏறிப் படுத்துவிட்டார். வெளியே ஆறேழு பேர் காத்திருந்தார்கள். ஸ்கேன் பார்க்காமல் செய்யக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர் தலையைக் கையில் ஏந்திவிட்டேன்.

அப்போது ரத்னம்மா பையிலிருந்து வலது கால் செருப்பு ஒன்றை எடுத்தார். "குந்தாரப்பள்ளி சந்தையில இது தனியா கெடந்துது மேடம். இவுரு இது இல்லாமயே ரொம்ப தூரம் நடந்து போயிட்டாரு. இது ரெண்டாவது தடவ. பின்னால யாரு கழட்டுறாங்கன்னு தெரில." அந்தக் காலில் மந்திரித்த கயிறு கட்டியிருந்தது.

செருப்பு கழன்றதுகூடத் தெரியாதபடி விரலில் இருந்த மரப்பு காலுக்கும் இறங்கிவிட்டதென்றால் டிஸ்க் தண்டுவடத்தையே அழுத்துகிறது. இனி ஒரு திருப்பு திருப்பினால் இந்த மனிதர் எழுந்து நடக்காமலே போகலாம். தலையை மெதுவாகத் தலையணையில் இறக்கினேன். கண்ணை மூடச் சொல்லி, கால் கட்டைவிரலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தபடி, எந்தப் பக்கம் மடக்குகிறேன் என்று கேட்டேன். "நீங்க இன்னும் தொடவே இல்லியே மேடம்" என்றார்.

கைராசி

அன்றே பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஸ்கேனில் நான் பயந்ததுதான் இருந்தது. ஆபரேஷன் முடிந்து இப்போது மாதப்பன் நடக்கிறார். சுண்டு விரலுக்கு மட்டும் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. மேடம் தலையைத் தொட்டதுமே தன்கூட இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் அவசரத்தைப் பற்றிச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

போன வாரம் ஒரு லாரி டிரைவர் மேசையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "சொடுக்கல்லாம் வேணாம் மேடம். தலையப் புடிச்சு, எங்கூட யாராவது இருக்காங்களான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

இத்தனை வருஷம் எத்தனையோ கழுத்தைத் திருப்பியும் வராத கைராசிப் பெயர், திருப்பாமல் விட்ட ஒன்றால் எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது.