அக்கா ஒட்டிவைத்த இறக்கை

2008 பிப்ரவரி 17, ஞாயிறு, பிற்பகல் மூன்று இருபது. தெளிந்த வெயில், கடற்காற்று அப்போதுதான் எழுந்திருந்தது. காரைக்காலில் எங்கள் வீட்டுக் கூடத்து மேசையில், மாதிரி விமானம் ஒன்றின் இரு பாதி இறக்கைகளை அக்கா ஒன்றாக ஒட்டினார். அதுவே அவர் செய்த கடைசி வேலை.

அக்கா சுரக்குடியில் உழவர் வீட்டில் பிறந்தவர். முப்பத்து நான்கு வயதில் கணவரை இழந்தார். பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து மகளைப் படிக்க வைத்தார். வேலையின்றி இருந்த எனக்கும் மூன்று ஆண்டுகள் சோறு போட்டார். ஒருமுறையும் சொல்லிக்காட்டியதில்லை. ஓய்வுபெற்றபின், கையால் எறிந்தால் காற்றில் மிதந்து போகும் விமானங்களைச் செய்யத் தொடங்கினார்.

முந்தைய மாதம் சுரக்குடி வயலில் எறிந்த விமானம், இறக்கை நடுவில் விட்டுப்போய் விழுந்தது. அதனால் இம்முறை ஒட்டுக்குள் ஒட்டுப்பலகைத் துண்டு செருகி, மேலே காயம் கட்டும் மெல்லிய துணியைச் சுற்றிப் பசை தடவினார். ஒரு பாதியை மேசையில் படியவைத்து, மறுபாதியின் நுனியை ஒரு டப்பாவின் மேல் உயர்த்தி வைத்தார்.

“கோணலா நிக்குதேக்கா.”

“கோணல் இல்லடா. நுனி தூக்கி இருந்தாத்தான் காத்துல புரளாது. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் மேசைய யாரும் தொடக்கூடாது. நீயுந்தான்.”

“நான் ஏன் தொடுறேன்?”

“அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் காஞ்சுச்சான்னு தொட்டுப் பாக்குற ஆளு நீ.”

அன்று மாலை ஆறு ஐம்பதுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மருத்துவர் வருமுன் முடிந்துவிட்டது.

அக்காவைக் கிடத்தக் கூடம் வேண்டும், மேசையை எடுங்கள் என்றார்கள். பசை இறுகவில்லை. டப்பா நகர்ந்தால் இறக்கை கோணியபடியே இறுகிப் பாழாகும். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிலருக்கு அது தவறாகப் பட்டிருக்கலாம்.

திருவேட்டக்குடிக்காரரான எதிர்வீட்டு மீனவர் மூன்று பேரை அழைத்துவந்தார்.

“விடுங்க சார். படகு தூக்குற கை. ரொம்புன செம்ப வச்சாலும் சிந்தாது.”

நான் வாசற்படியின் அகலத்தை அளந்தேன். மூன்றடி இருந்தது.

“அளந்தாச்சா? இப்ப வழி விடுங்க.”

நால்வரும் ஆளுக்கொரு காலாகப் பிடித்து, மேசையை அப்படியே மீனவர் வீட்டு முன்னறைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் மாலைவரை அவர் மனைவி அந்த அறைக்குள் யாரையும் விடவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் விமானத்தைச் சுரக்குடிக்கு எடுத்துச்செல்ல முடிவு செய்தோம். இறக்கை ஐந்தடி நீளம்.

“நடுவுல அறுத்துட்டா ஆட்டோவுலயே போயிடும் மாமா. அங்க போயி ஒட்டிக்கலாம்,” என்றார் அக்காவின் மருமகன். மகள் அவரைத் திரும்பிப் பார்த்தார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

சுரக்குடி வயலில் மகளே எறிந்தார். விமானம் ஒரு பக்கமும் சாயாமல் இரண்டு வயல் தாண்டி, நெல் அறுத்த தாளின்மேல் இறங்கியது. ஓடிப்போய் ஒட்டைத் தொட்டுப் பார்த்தேன். விரிசல் இல்லை.

ஓடிவந்த மருத்துவருக்கும், பதினாறு நாளும் உடனிருந்த உறவினருக்கும், மேசையைச் சாய்க்காத அந்த நால்வருக்கும் இந்த ஓராண்டு நிறைவில் எங்கள் குடும்பத்தின் நன்றி. இறக்கையை அறுக்காமல் அன்று சுரக்குடிக்குப் போய்வர மினி வேன் வாடகை ரூ. 450. நான் பேரம் பேசவில்லை.