பேப்பர் கப்பில் ஆறிப்போன டீ

கோரிப்பாளையத்தில் ஒரு மாடியில் இருக்கிறது அந்த ஆலோசனை மையம். அங்கே கூட்டுவதும் டீ போடுவதும் வருகிறவர்களை உட்கார வைப்பதும் ஜெயக்கொடியின் வேலை. எட்டாவதோடு படிப்பு நின்றவள். யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேச வராது. ஆனால் கண் சும்மா இருக்காது.

திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ராமக்காள் தன் மகள் அஸ்வினியை அழைத்து வந்தது அன்று மூன்றாவது வாரம். களையெடுக்கப் போகும் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன பெண். ஹாஸ்டலிலிருந்து வந்தவள் ஒரு மாதமாகத் திரும்பிப் போகவில்லை. ஏனென்றும் சொல்லவில்லை. பத்து நாளில் பரீட்சை. எழுதாவிட்டால் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று தாய்மாமன் ஒற்றைக் காலில் நின்றான்.

அரை மணி நேரத்தில் இருவரும் வெளியே வந்துவிட்டார்கள். ஜெயக்கொடி கப் எடுக்க உள்ளே போனாள். ஆலோசகர் ஸ்யாமளா ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கும் வாயே திறக்கலை, ஜெயக்கொடி. பெரிய டாக்டர்கிட்ட அனுப்பிட வேண்டியதுதான்.”

மேசையில் இரண்டு பேப்பர் கப்புகள். டீ ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. மேடத்தின் பீங்கான் கப் மட்டும் காலி. மூன்று வாரமும் இதே கதைதான்.

ஜெயக்கொடி ஒரு பேப்பர் கப்பைக் கையில் எடுத்தாள். “மேடம்... எங்க ஊர்ப் பக்கம் டீக்கடையில எங்க சாதி ஆளுகளுக்கு மட்டும் பேப்பர் கப்பு. மத்தவுகளுக்குக் கண்ணாடி கிளாஸ்.”

“ஐயோ, வர்றவங்க எல்லாருக்கும் சுத்தமா இருக்கட்டும்னுதானே வாங்கினேன்!”

“அது அவுகளுக்கு எப்படி மேடம் தெரியும்?”

சொல்லிவிட்டு, வேலை போனது என்றே நினைத்தாள். ஸ்யாமளா எழுதிய தாளைக் கிழித்துப் போட்டு, செருப்புகூட மாட்டாமல் படியிறங்கினார். ஜெயக்கொடி பின்னால் ஓடினாள். நல்லவேளை, தாயும் மகளும் ஏறவேண்டிய பஸ் இன்னும் வரவில்லை.

“நான் பீங்கான் கப்புல குடிச்சிட்டு உங்களுக்குப் பேப்பர் கப்புல கொடுத்தேன். தெரியாமத்தான். ஆனா செஞ்சது நான்தானே? வேற என்ன தப்புப் பண்ணேன்னும் நீங்க சொன்னாத்தான் தெரியும்” என்றார் ஸ்யாமளா.

அஸ்வினி நிமிர்ந்தாள். “உங்களுக்கு எம்புட்டு நேரம் இருக்கு, மேடம்?”

“ஏய், வாயக் கொறடி!” என்று அதட்டிய ராமக்காளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மகளின் வாய்த்துடுக்கைக் கேட்டு ஒரு மாதமாகியிருந்தது.

மறுபடி மாடியேறினார்கள். “‘உங்க பக்கம் பொண்ணுங்க படிப்பை சீக்கிரம் நிறுத்திடுவாங்கல்ல’ன்னு மொத நாள் கேட்டீங்க. நான் நிறுத்தவா இங்க வந்தேன்?” என்று ஆரம்பித்தாள் அஸ்வினி. ஸ்யாமளா குறுக்கே பேசவில்லை. அதற்குப் பிறகுதான் ஹாஸ்டல் கதை வந்தது. அங்கே அறையில் கூடத் தங்கியிருந்தவர்கள் இவள் சாப்பாட்டுத் தட்டை மட்டும் தனியே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

“நான் என்ன செய்யணும்?” என்று கேட்டார் ஸ்யாமளா.

“ஹாஸ்டலுக்குக் கூட வாங்க, போதும். பேசுறத நான் பேசிக்கிறேன்.”

பேசினாள். வார்டன் எழுந்து நின்று கேட்கும்படி பேசினாள்.

பரீட்சை தொடங்கிய அன்று மையத்தில் புது ஆலோசகர்களுக்கு வகுப்பு. பேரும் ஊரும் சொல்லாமல் தன் தப்பை மட்டும் சொன்ன ஸ்யாமளா, ஜெயக்கொடியை முன்னால் இழுத்து நிறுத்தினார். “இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவங்க இவங்கதான். கேளுங்க.”

“யார்கிட்ட எதைச் செய்யக் கூடாதுன்னு ஒரு லிஸ்ட் கொடுங்கக்கா” என்றார் ஒருவர்.

ஜெயக்கொடி டீத்தட்டைக் கீழே வைத்தாள். “லிஸ்ட்டெல்லாம் கிடையாது சார். எனக்குத் தெரியாதுன்னு ஒத்துக்கிட்டுக் கேளுங்க. கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் பொறுங்க.”

பேனாக்கள் எழுதத் தொடங்கின. அப்போது அவள் போன் அடித்தது. வராந்தாவுக்கு ஓடினாள்.

“அக்கா, எழுதிட்டேன்! அம்புட்டுக் கேள்விக்கும் எழுதிட்டேன்!”

ஜெயக்கொடி ஜன்னல் வழியே ஸ்யாமளாவை நேராகப் பார்த்துத் தலையாட்டினாள். ஸ்யாமளா பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். வகுப்பில் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை.