புகார் பதிவான நேரம்

ஸ்டெல்லா மேடம் இறந்த செய்தி வந்தபோது நான் தரமணியில் ஒரு பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். வகுப்பின் தலைப்பு, 'சேவைத் தரமும் நுகர்வோர் மனநிறைவும்'. மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் பாதி வாழ்க்கையைத் தொலைத்தவர்களுக்கு மனநிறைவைப் பற்றிச் சொல்லித்தர ஓர் இளைஞரை அழைத்திருந்தார்கள். திரையில் மஞ்சள் நிறத்தில் ஒரு வட்ட முகம் சிரித்துக்கொண்டிருந்தது. கைப்பேசி அதிர்ந்தது. எங்கள் பழைய ஓட்டுநர் ஏகாம்பரம் குரல் செய்தி அனுப்பியிருந்தார். வெளியே வந்து கேட்டேன்.

"சார், நம்ம மேடம் பூட்டாங்க சார். காத்தால டிபன் முடிச்சிட்டு பேப்பர் படிச்சிக்கினு இருந்தாங்களாம், அப்டியே சாஞ்சிட்டாங்க. கோபாலபுரம் வூட்லதான் வச்சிக்கீறாங்க. பொண்ணு கனடாவுலருந்து வரணும். நாளிக்குதான் எடுக்கறாங்க. நீ வந்துரு சார்."

அலுவலக வாட்ஸப் குழுவில் மதியம்தான் செய்தி வந்தது. யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து. அதற்கும் அகவிலைப்படி பற்றிய வதந்திக்கும் நடுவில் அவருடைய மரணம். கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அந்தக் கைகளில் சில என்னென்ன கோப்புகளில் என்னென்ன எழுதின என்பது எனக்குத் தெரியும். இந்தக் கட்டுரையைக் கேட்ட எங்கள் ஊழியர் சங்க இதழின் ஆசிரியர், "நாகரிகமா எழுதுங்க சார், இறந்தவங்களைப் பத்தினது" என்றார். இறந்தவரைப் பற்றி நாகரிகமாகவே எழுதுகிறேன். இருப்பவர்களைப் பற்றி அவர் நிபந்தனை எதுவும் விதிக்கவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மேடமும் நானும் நண்பர்கள் அல்ல.

வெளியார் படித்தால் தெரிய வேண்டும் என்பதற்காக ஒன்று. மின்கட்டணம் எவ்வளவு என்று தீர்மானிப்பதும், மின்சாரம் போனால் எவ்வளவு நேரத்துக்குள் திரும்ப வர வேண்டும் என்று விதி வகுப்பதும், விநியோக நிறுவனம் அந்த விதியை மீறினால் நுகர்வோருக்கு இழப்பீடு வாங்கித் தருவதும் ஆணையத்தின் வேலை. ஏட்டளவில் அப்படி. இதில் நுகர்வோர் பிரிவின் துணை இயக்குநர் பதவி எனக்கு வர வேண்டியது. பொருளாதாரத்தில் முதுகலை, அதன்மேல் சட்டம், காத்திருந்த காலம், எல்லாம் என் பக்கம் இருந்தன. ஆனால் விநியோக நிறுவனத்திலேயே பொறியாளராக இருந்த ஒருவரைக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அந்தக் கோபம் இன்றும் தணியவில்லை. அவருடைய உடலுக்கு மாலை போட்டபோதும் அது என்னோடுதான் நின்றது.

சேர்ந்த அன்றே மேடம் என்னைக் கூப்பிட்டார். கெட்டிக்கரைப் பருத்திப் புடவை, கழுத்தில் ஒரு சிலுவைச் சங்கிலி, மேசையில் தண்ணீர் பாட்டிலைத் தவிர ஒன்றுமில்லை.

"உங்க சீட்ல நான் வந்து உட்கார்ந்துட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க. இருக்கலாம். கோபப்படுங்க, பேசாம இருங்க, ஃபைலை மட்டும் ஒளிச்சு வைக்காதீங்க. தேட எனக்கு டைம் இல்லை."

நான் கோப்பை ஒளிக்கவில்லை. நான் எழுதிய முதல் வரைவை அவர் சிவப்பு மையால் 'இது யாருக்குப் புரியும்?' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அதையும் நான் மறக்கவில்லை.

விநியோக நிறுவனம் காலாண்டுக்கு ஒருமுறை ஓர் அட்டவணை அனுப்பும். எத்தனை மின்தடைகள், எத்தனை உரிய நேரத்தில் சரிசெய்யப்பட்டன என்று. ஏறக்குறைய எல்லாமே உரிய நேரத்தில்தான் சரியாகியிருக்கும். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் இரவெல்லாம் விசிறிக்கொண்டு படுத்தவர்கள் வாழும் அதே நகரத்தின் அட்டவணை அது. நாங்கள் அதைப் பார்ப்போம், கையெழுத்திடுவோம், ஆண்டறிக்கையில் சேர்ப்போம். மேடம் மட்டும் ஒரு மழைநாளில் காரை ஆதம்பாக்கத்துக்கு விடச் சொன்னார். என்னையும் உடன் வரச் சொன்னார்.

அங்கே விநியோக நிறுவனத்தின் பிரிவு அலுவலகத்தில் யாரென்று சொல்லாமல், கட்டணம் கட்ட வந்தவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தோம். தொலைபேசி ஓயாமல் அடித்தது. அங்கிருந்த ஊழியர் ஒவ்வொரு முகவரியையும் கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் குறித்தார். கணினி பக்கத்திலேயே இருந்தது, அதைத் தொடவில்லை. நெடுநேரம் கழித்து லைன்மேன் ஒருவர் வேலை முடிந்ததென்று கூப்பிட்டுச் சொன்னார். அதன்பிறகுதான் ஊழியர் அந்த முகவரியைக் கணினியில் ஏற்றினார். புகார் பதிவானது. சிறிது நேரத்தில், தீர்ந்தது என்றும் ஏற்றினார்.

மேடம் எழுந்து போய்க் கேட்டார். "ஏன் சார், ஃபோன் வந்தப்பவே ஏத்தக்கூடாதா?"

ஊழியர் நிமிர்ந்து பார்த்தார். குடையோடு நின்ற ஒரு பெண்மணி, அவ்வளவுதான். "அப்பவே ஏத்தினா டைம் ஓட ஆரம்பிச்சுடும்மா. ஆள் ரெண்டு பேரு, ஏணி ஒண்ணு. இன்னா பண்றது? கரன்ட் வந்தப்புறம் ஏத்தினா யாருக்கும் பொல்லாப்பு இல்ல பாரு."

மேடம் அவரைக் கண்டிக்கவில்லை, பெயரையும் கேட்கவில்லை. காரில் ஏறியதும் ஏகாம்பரம், "இன்னா மேடம், மெமோவா?" என்றார். "யாருக்குக் குடுக்கறது ஏகாம்பரம்? நான் ஃபீல்டுல இருந்தப்ப நானும் இதைத்தான் பண்ணேன். எனக்குச் சொல்லிக்குடுத்தவர் ரொம்ப நல்லவர்" என்றார் மேடம்.

அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் அவர் ஒரு வாக்கியத்தை எழுதினார். புதிய சேவைத் தர விதிகளின் வரைவில் அது இருந்தது. 'நுகர்வோர் முதன்முதலில் தெரிவித்த நேரத்திலிருந்தே காலம் கணக்கிடப்படும். காலம் மீறினால் இழப்பீடு, மனுவும் கட்டணமும் இன்றி, அடுத்த மின்பட்டியலில் வரவு வைக்கப்படும்.' என் வாழ்நாளில் ஓர் அரசு ஆவணத்தில் நான் படித்த தெளிவான வாக்கியம் அதுதான். நான் எழுதியிருக்க வேண்டும் என்று பொறாமைப்பட்டேன்.

பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஆளுக்கு மூன்று நிமிடம், முடிந்தால் மணி அடிக்கும். ராயப்பேட்டையில் எம்பிராய்டரி கடை வைத்திருக்கும் ஜமால் பாய் மைக்கைப் பிடித்தார்.

"எனக்கு ஒரே கேள்விதான் சாப். ரம்ஜானுக்கு மொத வாரம் எங்க தெருவுல ரெண்டு நாள் கரன்ட் இல்ல. மிஷின் அத்தினியும் நின்னுடிச்சு. பிளவுஸ் வாங்க வந்த பொம்பளைங்க என்னைத் திட்டிக்கினு போனாங்க. நஷ்டஈடு உண்டுன்றீங்க. அத்த வாங்க மனு போடணுமாம், மனுவுக்கு ஃபீஸு கட்டணுமாம். வர்ற காசவிட ஃபீஸு ஜாஸ்தி. இது இன்னா சாப் கணக்கு?"

மணி அடித்தது. அப்போதைய தலைவர், "உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது" என்றார்.

"பதிவு இப்பவே ஆயிடிச்சா சாப், இல்ல கரன்ட் வந்தப்புறம் ஆவுமா?"

மண்டபமே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. "நீங்க சொல்லிக்குடுத்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன். "ரெண்டு நாள் இருட்டுல உட்கார்ந்தவருக்கு நான் சொல்லிக்குடுக்கணுமா?" என்றார்.

பிறகு ஆணையத்தின் கூட்டம். குறிப்பெழுத நானும் அறையில் இருந்தேன். ஆணையத்தின் வருவாயில் பெரும்பகுதி, நாங்கள் கண்காணிக்க வேண்டிய அதே விநியோக நிறுவனம் ஆண்டுதோறும் கட்டும் உரிமக் கட்டணம். மிச்சத்தில் ஒரு பகுதி மனுக்கட்டணம். நிதி அதிகாரி கேட்டார், "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணச் சொல்றீங்களா மேடம்?"

"அவங்க குடுக்கறது ஜனங்க கட்டற பில்லுலேருந்து சார். அந்த வீடு அவங்களோடது இல்லை."

பதில் சொல்லத் தேவையில்லாத இடத்தில் அவர்கள் இருந்தார்கள். தலைவர் பேனாவை எடுத்தார். 'நுகர்வோர் முதன்முதலில் தெரிவித்த நேரத்திலிருந்தே' என்பதை அடித்து 'புகார் பதிவான நேரத்திலிருந்து' என்று எழுதினார். 'மனுவும் கட்டணமும் இன்றி' என்பது 'உரிய கட்டணத்துடன் மனு செய்யும் பட்சத்தில்' ஆனது. தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. தம்முடைய மாறுபட்ட கருத்தைக் குறிக்க வேண்டும் என்றார் மேடம். அந்த உரிமை ஆணைய உறுப்பினர்களுக்குத்தான், அதிகாரிகளுக்குக் கிடையாது என்றார்கள். அப்படியானால் அந்த அட்டவணையில் இனிக் கையெழுத்திட மாட்டேன் என்றார். மாதம் முடிவதற்குள் அவரை வருவாய்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். எந்த மனுக்கட்டணத்தை ஒழிக்க நினைத்தாரோ, அதை வசூலிக்கும் பொறுப்பு அவருக்கு. இந்த யோசனை யாருடையது என்று எனக்குத் தெரியும். கைகூப்பிய படத்தை முதலில் போட்டவர் அவர்தான்.

காலியான அவருடைய இடம் எனக்கு வந்தது. நான் கேட்டபோது தராதவர்கள், அவரை அவமதிக்க வேண்டியிருந்தபோது தந்தார்கள்.

வருவாய்ப் பிரிவில் மேடம் புதிதாக ஒரு வழக்கம் கொண்டுவந்தார். கட்டணத்தோடு வருபவரை எதிரில் உட்காரவைத்து, வென்றால் அதிகபட்சம் என்ன கிடைக்கும், தோற்றால் என்ன போகும் என்று சொல்லிவிட்டு, "இன்னும் கட்டணுமா? யோசிச்சுக்கோங்க" என்பார். பெரும்பாலோர் எழுந்து போய்விடுவார்கள். மனுக்கட்டண வருவாய் குறைந்தது. அதற்கும் விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. "உண்மையைச் சொன்னதால் குறைந்தது" என்று ஒரே வரியில் பதில் எழுதினார்.

ஜமால் பாய் மட்டும் எழுந்து போகவில்லை. "தெரியும் மேடம். கட்டிக்கோங்க. தோத்தாலும் ரசீது இருக்குமில்ல, ஃப்ரேம் போட்டுக் கடையில மாட்டறேன்" என்றார். மனு தள்ளுபடியானது. பதிவுகளின்படி அவருடைய புகார் பதிவான சற்று நேரத்திலேயே மின்சாரம் வந்துவிட்டது. அந்த இரண்டு நாள் எந்தப் பதிவிலும் இல்லை.

மேடம் ஓய்வு பெற்ற அன்று பொன்னாடை போர்த்தி, நுகர்வோரின் காவலர் என்று புகழ்ந்தார்கள். ஏற்புரையில் அவர், "நான் வந்தப்ப இருந்த மாதிரியேதான் எல்லாம் இருக்கு. டீ நல்லா இருந்தது, நன்றி" என்று சொல்லி உட்கார்ந்தார். சிலர் அதை நகைச்சுவை என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அவரை அடுத்து நான் பார்த்தது கோபாலபுரத்தில், கண்ணாடி மூடிய குளிர்பெட்டிக்குள். அவருடைய தம்பி லூர்து தலைமாட்டில் நின்றிருந்தார். மாலை நான்கு மணிவாக்கில் பெட்டியின் உறுமல் நின்றது. மின்விசிறிகள் நின்றன. ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பாட்டுத்தாளால் விசிறத் தொடங்கினார்கள். லூர்து என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க அந்த ஆபீஸ்தானே? பாப்பா நாளைக்குக் காலையிலதான் வர்றா. அவ வர்ற வரைக்கும் அக்கா முகம் தாங்கணும் சார்."

பிரிவு அலுவலகத்துக்குப் பதவியைச் சொல்லியே பேசினேன். "தெரியும் சார், கேபிள் ஃபால்ட். ஆளுங்க போயிருக்காங்க" என்றார்கள். புகார் எண் கேட்டேன். "மெசேஜ் வரும் சார்" என்றார்கள். ஏகாம்பரம் ஐஸ் கட்டி வாங்க ஆட்டோவில் ஓடினார். கண்ணாடியின் உட்புறம் வியர்க்கத் தொடங்கியது. துடைக்க வழியில்லை. லூர்து வெளிப்புறத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இஞ்சி தின்றது போன்ற முகத்தோடு நான் வாசலில் நின்றபோது ஒரு குட்டியானை சரக்கு வண்டி வந்தது. போகிற வழியில் ஏகாம்பரம் ஃபோனில் சொல்லி, ஜமால் பாய் தம் கடையின் ஜெனரேட்டரோடு வந்திருந்தார். தாமே இறக்கி, தாமே கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் அது இருமி எழுந்தது. பெட்டி மறுபடி உறுமியது.

"எப்ப வாங்கினீங்க பாய்?" என்றேன்.

"கேஸு தோத்த அன்னிக்கு, சாப். மேடம்தான் சொன்னாங்க. 'பாய், இனிமே மனு போடாதீங்க, ஜெனரேட்டர் வாங்கிடுங்க'ன்னாங்க. சொல்லிட்டு அழுதுட்டாங்க."

மேடம் அழுது நான் பார்த்ததில்லை. அந்த வாக்கியத்தை எழுதியவர், அது விதியாகாமலே போனபின், கடைசியில் ஜெனரேட்டர் வாங்கச் சொல்லியிருக்கிறார். எனக்குச் சொல்லாமல் இவரிடம் சொல்லியிருக்கிறார். அதற்கும் எனக்கு வருத்தம்தான்.

பொழுது சாயும் நேரத்தில் தெருவிளக்குகள் எரிந்தன. ஜமால் பாய் ஜெனரேட்டரை நிறுத்தினார். அந்த அமைதியில் என் கைப்பேசி அடுத்தடுத்து இருமுறை ஒலித்தது. முதல் செய்தி, உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. இரண்டாவது செய்தி, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. இரண்டுக்கும் இடையே ஒருவர் மூச்சு விடும் நேரம்கூட இல்லை.

ஐஸ் கட்டியோடு அப்போதுதான் திரும்பிய ஏகாம்பரத்திடம் காட்டினேன். கையில் ஐஸ் சொட்டிக்கொண்டிருந்தது. படித்துவிட்டு, "அன்னிக்கு ஆதம்பாக்கத்துல நடந்த மாதிரியே கீது சார்" என்றார்.

மறுநாள் காலை மகள் வந்து முகம் பார்த்தார். முகம் கெடவில்லை. ஆணையத்தின் விதிகளால் அல்ல.

காலாண்டு முடிந்ததும் அட்டவணை வரும். கோபாலபுரத்தில் ஒரு மின்தடை, உரிய நேரத்தில் சரிசெய்யப்பட்டது என்று அதில் இருக்கும். அது என் மேசைக்குத்தான் வரும். எனக்கு இன்னும் சில ஆண்டுகள் சர்வீஸ் இருக்கிறது, கட்ட வேண்டிய வீட்டுக்கடன் இருக்கிறது. நான் கையெழுத்திடுவேன்.

நீங்கள் இடவில்லை, மேடம். போய் வாருங்கள்.