எண் கட்டாத குழந்தை

நுன்சியோ த்ரிங்காலி சமையலறை மேசையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்து ஆறு மாதமாகிறது. இடது கைக்கு நான் கொடுத்த பயிற்சி அது. ஒரு காய்க்கு இரண்டு நிமிடம் ஆகும். உதவ நான் விடமாட்டேன். நாற்பது வருடம் நோயாளிகளைப் பார்த்தவள் நான். பரிதாபப்பட்டால் கை அப்படியே முடங்கிப்போகும்.

அவருக்கு அறுபத்தெட்டு வயது. பதினேழில் கடற்படையில் சேர்ந்து, இயந்திர அறையிலேயே காலம் தள்ளியவர். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார், மற்றபடி ஊரில் யாரோடும் வம்பில்லை. கடைசி இரண்டு வருடம் மீட்புக் கப்பலில் இருந்தார். லிபியாவிலிருந்து ஓட்டைப் படகுகளில் வந்தவர்களை நடுக்கடலில் காப்பாற்றி ஏற்றி, எங்கள் அகுஸ்தா துறைமுகத்தில் இறக்குவார்கள். அப்போது எடுத்த ஒரு படத்தால் ஊருக்கே அவரைத் தெரியும்: மூன்று மாதக் குழந்தையை மார்போடு அணைத்துக் கப்பல் படியில் இறங்கி வருகிறார்.

அன்று நகராட்சியிலிருந்து ஒரு ஆள் வந்து போயிருந்தார். சனிக்கிழமை இவருக்குப் பாராட்டு விழா. குழந்தையின் தாய் மெப்ராத்தைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். விட்டோரியா என்ற ஊரில் தக்காளி அடுக்கும் கொட்டகையில் வேலை செய்கிறாள். மேடையில் அவருக்கு நன்றி சொல்லப்போகிறாள்.

"நான் போகல," என்றார்.

"ஏன்யா, நாப்பது வருஷம் புயலுக்குப் பயப்படாத ஆளு, மைக்கைப் பாத்தா நடுங்குதா?" என்றாள் மனைவி அகாத்தா. "சீருடையைத் தேச்சு வச்சாச்சு. அந்தத் தொப்பைதான் உள்ள போகணும். இன்னைலேர்ந்து பாஸ்தா பாதிதான்."

அவர் சிரிக்கவில்லை. "நர்ஸம்மா, நீங்களே சொல்லுங்க இவகிட்ட."

சொன்னேன்.

அந்தப் படம் எடுத்த நாளில், ஏற்றி வந்தவர்களின் மணிக்கட்டில் எண் பட்டை கட்டுவது அவர் வேலை. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே எண்; கட்டாமல் யாரையும் இறக்கக் கூடாது. மெப்ராத் மேல்தளத்தில் மயங்கிக் கிடந்தாள். குழந்தை இவர் கையில் இருந்தது. கீழே நின்ற புகைப்படக்காரர், "அண்ணே, அப்படியே இறங்கி வாங்க, வெளிச்சம் பிரமாதமா இருக்கு!" என்று கத்தினார். இவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கினார்.

துறைமுகத்தில் பணியிலிருந்த நான்தான் கீழே குழந்தையை வாங்கினேன். வெறும் மணிக்கட்டு. யார் பிள்ளை என்று கேட்பதுதான் என் வேலையே. ஆம்புலன்ஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, கேட்காமல் ஏற்றிவிட்டேன். தனியாக வந்த குழந்தை என்று எழுதிக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து இறங்கிய தாயை வேறு ஊர் முகாமுக்குப் பேருந்தில் அனுப்பினார்கள். தாயும் பிள்ளையும் சேர நாற்பத்தொரு நாள் ஆனது. முகாமில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் கவனக்குறைவு என்று நாளிதழில் வந்தது. அவளுக்கு வேலை போயிற்று. நாங்கள் இருவரும் படித்துவிட்டுச் சும்மா இருந்தோம்.

அகாத்தா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "பதினோரு வருஷமா அந்தப் படத்தை ஊரெல்லாம் காட்டிக்கிட்டுத் திரிஞ்சேனே! இவருதான் கல்லு மாதிரி இருந்தாரு. உனக்கும் வாய் இல்லையா வெனெரா?"

"இருந்துச்சு. திறக்கல."

"அவ வந்து என் கையைப் பிடிச்சு நன்றி சொன்னா," என்றார் நுன்சியோ, "நான் எங்க போய் மூஞ்சியை வச்சுக்கிறது?"

"அதுக்கு முன்னாடியே சொல்லிடணும். காலைல ஏழு மணிக்குக் காரோட வரேன். சாதாரண சட்டை போடுங்க."

மறுநாள் காலை கொட்டகை வாசலில் மெப்ராத் கையுறையைக் கழற்றியபடி வந்தாள். படத்தில் பார்த்திருந்த அவரை அடையாளம் கண்டு சிரித்தாள், கையை நீட்டினாள். அவர் பிடிக்கவில்லை. குழறும் நாக்கால் முழுவதையும் சொல்லி முடித்தார். என் பங்கை நான் சொன்னேன். அந்த முகாம் பெண்ணைப் பற்றியும் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்திருந்தேன். கத்தவில்லை. நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அப்ப எனக்குப் பால் கட்டிக்கிட்டுக் காய்ச்சல்," என்றாள். "அந்த நாப்பத்தொரு நாளும் என் பொண்ணுக்கு யாரு பால் கொடுத்தாங்க?"

நுன்சியோ என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. ஒரு நாள்கூட நாங்கள் போய் விசாரித்ததில்லை.