சேறு எடுக்கப் போன இடத்தில்

ரத்தம் எடுக்கிறவரிடம் யாரும் மருந்து கேட்பதில்லை. ஆற்றுச் சேறு எடுக்கிற என்னிடம் மட்டும் எல்லோரும் கேட்கிறார்கள். நகரத்துக் கழிவைச் சுமந்து வரும் ஆற்றிலும், அது கால்வாய் வழியாகப் போய்ச் சேரும் பழவேற்காடு ஏரியிலும் ரசாயனம் எவ்வளவு, அதனால் உயிர்களுக்கு என்ன ஆபத்து என்று கணிக்கும் ஆய்வகம் ஒன்றில் நான் ஒப்பந்த ஊழியன். யாரோ எடுக்கும் முடிவுக்காக ஜனங்கள் முன்னால் போய் நிற்கும் வேலை உங்களுக்கும் வாய்த்திருந்தால், மேலே விளக்க வேண்டியதில்லை.

கையுறை

முதல் நாள் படகு ஓட்டியவர் கோட்டைக்குப்பம் ஏழுமலை. முழங்கை வரை ரப்பர் உறையும் முகமூடியுமாகச் சேற்றை அள்ளி டப்பாவில் அடைத்தேன். பத்தடி தள்ளி, மார்பளவுத் தண்ணீரில் ஒரு அம்மாள், பிடித்ததைப் போடும் ஓலைப்பறியை வாயில் கவ்வியபடி, வெறும் கையால் தரையைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது.

உறை எதற்கு என்று கேட்டார். இந்தச் சேறு தோலுக்கு ஆகாது என்றேன். சொன்ன வெட்கத்தில், மிச்சமிருந்த ஒரு ஜோடியை நீட்டினேன். போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார். கழற்றிப் படகில் வைத்தார்.

"இத்தப் போட்டா இறா கைக்குத் தெரில சார். தோலு போனாத்தான் சோறு."

டெஸ்டுக்கு நண்டு

ஏழுமலையின் மனைவி தேசம்மா மார்க்கெட்டில் மீன் விற்பவர். பரிசோதனைக்கு நண்டு வேண்டும் என்று அவரிடம் போய், கூட்டத்துக்கு நடுவே, 'டெஸ்டுக்கு' என்று உரக்கச் சொல்லிவிட்டேன். பேரம் பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கையிலிருந்த மீனைக் கீழே வைத்துவிட்டு நடந்தார்கள். தேசம்மா என்னைத் திட்டவில்லை. நண்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நண்டுல விஷம்னு நீ எழுதுனா ஃபேக்டரிய மூட மாட்டாங்க தம்பி, என் கூடையத்தான் மூடுவாங்க."

மதியச் சாப்பாடு

கடைசி நாள் ஏழுமலை வீட்டுக்கு அழைத்துப்போனார். நண்டுக் குழம்பு. அந்த ஏரி நண்டில் ஈயம் எவ்வளவு என்பது அதற்குள் எனக்குத் தெரியும்; அறிக்கை வரும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்பது ஆபீஸ் உத்தரவு. வயிறு சரியில்லை என்றேன். ஏழுமலை ஒரு காலை உடைத்து, சதையை எடுத்துச் சின்ன மகளுக்கு ஊட்டினார். நான் என் தட்டைத் தள்ளி வைத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்காமல் போகிறது.

தேசம்மா என் தட்டை எடுத்துக்கொண்டு நின்றார்.

"ரிப்போர்ட் எப்ப வரும்னு இனிமே கேக்க மாட்டோம். நீ துன்னல, அதுவே போதும்."

அட்டவணை

அறிக்கை வந்தது. நாங்கள் முதலில் எழுதியது 'அதிக ஆபத்து'. அந்த வார்த்தை இருந்தால் ஆய்வகத்துக்கு அடுத்த ஆய்வு வேலை வராது என்று மேலாளர் அதை 'மிதமான ஆபத்து, மேலும் ஆய்வு தேவை' என்று மாற்றினார். ஊர்க் கூட்டத்தில் ஏழுமலை என்னையே படிக்கச் சொன்னார். பாசிக்கு இவ்வளவு ஆபத்து, புழுவுக்கு இவ்வளவு, இறாலுக்கு, மீனுக்கு, மீன் தின்னும் பறவைக்கு என்று அட்டவணையைப் படித்து நிறுத்தினேன். அதோடு அட்டவணை முடிந்திருந்தது. ஏழுமலை கேட்டார்.

"பறவ வரிக்கும் வந்துட்ட. அடுத்தது நாங்கதான? பக்கத்தத் திருப்பு சார்."

'மேலும் ஆய்வு தேவை' என்ற அந்த ஒரு வரியால் இந்த வட்டாரத்தில் இதுவரை பிழைத்திருக்கும் ஒரே ஜீவன் நான்தான்.