அந்த ஹேர்பின் மாலுமியின் மனைவியுடையது அல்ல

போன வாரம் இந்த இடத்தில் நான் எழுதியதைப் படித்துவிட்டு நிறையப் பேர் உருகிவிட்டீர்கள். ‘கண் கலங்கிட்டு மேடம்’ என்று வாட்ஸ்அப்பில் மெசேஜ் மேல் மெசேஜ். கை கூப்பும் பொம்மை, சிவப்பு இதயம், அழுகிற முகம்...

அத்தனையையும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதியது சுத்தப் பேத்தல்.

உடனே ‘பாவம், மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள்’ என்று நினைத்துவிடாதீர்கள். சண்டை போட வந்திருக்கிறேன்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பழைய புத்தகக் கடைப் பைத்தியம் உண்டு. புத்தகம் வாங்கப் போகிறேன் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையில் போவது, யார் எதை உள்ளே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று பார்க்கத்தான். ஒரு சமையல் புத்தகத்தில் எக்ஸ்ரே ஃபிலிமைக் கத்தரித்து அடையாளம் வைத்திருந்தார் ஒருவர் — யாருடைய விலா எலும்போ, பிரியாணிக்கும் தால்சாவுக்கும் நடுவில்! யோகா புத்தகத்துக்குள் முறுக்குத் துண்டு கிடைத்திருக்கிறது. பழைய பஞ்சாங்கம் ஒன்றில், பல்லி விழும் பலன் போட்டிருந்த பக்கத்திலேயே ஒரு பல்லி நசுங்கிக் கிடந்தது. தன் பலனை அது படித்துப் பார்த்ததா, தெரியவில்லை.

அப்படித்தான் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் இருக்கும் அண்ணாச்சி கடையில் ஒரு தடி இங்கிலீஷ் புத்தகம் அகப்பட்டது. கப்பல் ஓட்டுவது எப்படி என்று சொல்லும் புத்தகம். எனக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் கிடையாது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ஹேர்பின்! கறுப்புப் பின்கள், துருப்பிடித்துத் தாளில் பழுப்புக் கோடு இழுத்தவை. நடுவில் ஒரே ஒரு நீலப் பின். முதல் பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது. ஓரங்களில் பென்சிலால் பொடிப்பொடியாக ஏதோ எழுத்து — அது சுவாரசியப்படவில்லை, விட்டுவிட்டேன். ஒரு பக்கத்தில் மட்டும் ஏதோ ஈரம் பட்டு ஊறிக் காய்ந்த கறை.

போதாதா எனக்கு? உட்கார்ந்து எழுதித் தள்ளிவிட்டேன். யாரோ ஒரு மாலுமி. கரையில் அவன் மனைவி. அவள் கூந்தலிலிருந்து உருவிய பின்களைப் புத்தகத்துக்குள் செருகிக்கொண்டு அவன் கடல் கடலாக அலைகிறான். அந்தக் கறை அவள் கண்ணீர். கிழிந்த பக்கத்தில் இரண்டு பேருடைய பெயரும் இருந்திருக்கும்... தலைப்பு, ‘மாலுமியின் மனைவி’. ‘அலைகள் பிரித்தவர்களை ஒரு ஹேர்பின் சேர்த்து வைத்திருக்கிறது’ என்று முடித்திருந்தேன். இப்போது படித்தால் எனக்கே குமட்டுகிறது.

பத்தி வந்த அன்றைக்கு மணப்பாட்டிலிருந்து ஒருவர் போன் செய்தார். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். கனத்த குரல்.

“என்னமா எழுதியிருக்கிய மேடம்! கப்பக்காரன் வீட்டுக் கதய அப்படியே கண்ணு முன்னால கொண்டாந்துட்டிய.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நிஜ மாலுமியே சொல்லிவிட்டார் அல்லவா? போனை வைக்கிற நேரத்தில் அவர் கேட்டார்.

“அந்தப் புஸ்தகம் உங்ககிட்டதான இருக்கு? பத்திரமா வச்சுக்கிடுங்க. யாரு வந்து கேட்டாலும் குடுத்துராதிய, என்ன?”

எவ்வளவு ரசனையான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். கதவைத் திறந்தால் ஒரு பெண். இருபத்து மூன்று வயது இருக்கலாம். கையில் ஹெல்மெட், முகமெல்லாம் ரோட்டுப் புழுதி.

“நீங்கதான மேடம் ஹேர்பின் பத்தி எழுதுனது?”

பாராட்ட வந்திருக்கிறாள் என்று முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டேன்.

“அது எம் பின்னு. புத்தகமும் என்னுதுதான். வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“அப்படியா! வாம்மா, வாம்மா... உன் வீட்டுக்காரர் கப்பல்லயா இருக்காரு?” இப்படித்தான் கேட்டேன். சத்தியமாக.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “எனக்குக் கல்யாணமே ஆவல மேடம். கப்பல்ல இருக்கது நான்.”

ரோஸ்லின் என்று பெயர். ஊர் மணப்பாடு. கப்பல் படிப்புப் படித்து, சரக்குக் கப்பலில் பயிற்சி முடித்துவிட்டு வந்திருக்கிறாள். அதிகாரியாக வேண்டுமென்றால் ஒரு பரீட்சை இருக்கிறது. எழுத்துத் தேர்வு முடிந்துவிட்டது. அடுத்த மாதம் நேரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்களாம். அதில் தேறினால்தான் சட்டையின் தோளில் பட்டை ஏறும். எழுத்துத் தேர்வுக்காகச் சென்னை போயிருந்தவள் திரும்பி வந்து பார்த்தால், நேர்முகத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த புத்தகத்தைக் காணோம்.

“கரையான் அரிச்சுட்டு, தூக்கிப் போட்டுட்டேன்னு அப்பா சொன்னாரு. நானும் நம்பிட்டேன். நேத்து தூத்துக்குடியில இருக்க சித்தி உங்க பேப்பரப் போட்டோ புடிச்சு அனுப்புனாவ. நீலப் பின்னுன்னு படிச்சதுமே தெரிஞ்சுபோச்சு.”

கரையான் முதல் பக்கத்தை மட்டும் ஸ்கேல் வைத்தாற்போலக் கிழிக்குமா? அந்தப் பக்கத்தில் இருந்தது அவள் பெயர். கடையில் யாராவது படித்துவிடக் கூடாதே என்று கிழித்திருக்கிறார்.

நான் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் புரட்டிய வேகத்தில் என் காவியம் ஒவ்வொரு இலையாக உதிர்ந்தது.

“டெக்ல நின்னு படிச்சா காத்துல பக்கம் நிக்காது மேடம். அதான் பின்னு. கறுப்புன்னா படிச்சு முடிச்சாச்சு. நீலம்னா இன்னும் மண்டையில ஏறல.”

“அப்போ அந்தக் கண்ணீர்...?”

“ஊளி மீன் குழம்பு. மோந்து பாருங்க.”

மோந்து பார்த்தேன். குழம்புதான்.

நான் சுவாரசியமில்லை என்று ஒதுக்கிய பொடி எழுத்து? தேர்வில் எதை எப்படியெல்லாம் குடைவார்கள் என்று சீனியர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தது. அவளுக்கு அதுதான் புத்தகமே. புதிதாக ஒன்று வாங்கினால் அச்சடித்தது கிடைக்கும், இது கிடைக்காது.

எனக்கு ஒன்று மட்டும் உறைத்துக்கொண்டே இருந்தது. பின்னைப் பார்த்தால் மனைவி, கப்பல் புத்தகத்தைப் பார்த்தால் கணவன். பின்னும் புத்தகமும் ஒரே ஆளுடையதாக இருக்கலாமே — ஏன் தோன்றவில்லை? பேனா பிடித்துச் சம்பாதித்துச் சாப்பிடுகிற பெண்பிள்ளைதானே நானும்?

இந்த யோசனையில்தான் அந்த மணப்பாட்டு ரசிகர் ஞாபகத்துக்கு வந்தார். ‘யாரு வந்து கேட்டாலும் குடுத்துராதிய.’ போனை எடுத்து நம்பரைக் காட்டினேன்.

ரோஸ்லின் பார்த்தாள். “எங்கப்பா நம்பரு.”

அத்தோடு விட்டாளா? “உங்க பத்திய வெட்டி, எனக்குப் பாத்திருக்க மாப்ள வீட்டுக்கும் அனுப்பியிருக்காரு மேடம். மாப்ளயும் கப்பல்லதான் இருக்காரு. ஒரு வீட்டுல ரெண்டு பேரு கப்பல்னா சரிப்படாதாம். அவியளுக்கு மாலுமி பொண்டாட்டிதான் வேணுமாம். பாருங்க, பேப்பர்லயே எப்பிடி அழகா எழுதியிருக்காவன்னு அப்பா அதத் தூக்கிக் காட்டுதாரு.”

வந்தது பாருங்கள் எனக்குக் கோபம்! என் பத்தியை முட்டாக வைத்து ஒரு பெண்ணின் பரீட்சையைக் கவிழ்க்கப் பார்க்கிறாரா? போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“மேடமா? சொல்லுங்க, சொல்லுங்க. அடுத்த வாரமும் இதே மாதிரி...”

“அண்ணாச்சி, புத்தகத்துக்குச் சொந்தக்காரி என் வீட்டில் உட்கார்ந்திருக்கா.”

“குடுத்துட்டியளா?”

“கொடுத்தாச்சு.”

“நான் முப்பது வருசம் சுக்கான் புடிச்சவன் மேடம். கப்பல்னா என்னன்னு எனக்குத் தெரியும். பொம்பளப் புள்ள மாசக்கணக்குல அத்தன ஆம்பளையளுக்கு நடுவுல... இவ ட்ரெய்னிங் போயிருந்தப்ப நான் ஒரு நாள் ஒழுங்காத் தூங்கல. பெத்தவன் மனசு உங்களுக்குத் தெரியாதா?”

பொய்யில்லை, பயம் உண்மை. ஆனால் உண்மையான பயம் என்பதற்காகப் பிள்ளையின் புத்தகத்தைப் பழைய கடையில் போடலாமா? அந்த ஊரில் பையன்கள் கப்பலேறும்போது மட்டும் பெற்றவர்கள் குறட்டை விட்டா தூங்குகிறார்கள்? யாருடைய புத்தகத்தையாவது கரையான் அரித்ததா?

“தூக்கம் வராட்டா டாக்டரைப் பாருங்க அண்ணாச்சி. கரையான்னு பொய் சொன்னீங்களே, அதுக்கு யாரைப் பார்ப்பீங்க?”

“விடுங்க மேடம். நீங்க எழுதுனது அழகா இருந்துச்சு. அது அப்பிடியே இருந்துட்டுப் போட்டும்.”

சுருக்கென்றது. எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், கவலைப்பட்டதில்லை. இந்தப் பாராட்டுதான் செருப்படியாக விழுந்தது.

பதிலுக்கு நான் வாயைத் திறப்பதற்குள் ரோஸ்லின் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நீலப் பின் இருந்த பக்கத்தைத் திறந்து மடியில் வைத்திருந்தாள். கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் போவதற்கான விதிகள் இருக்கும் பக்கம் அது. சத்தம் போடாமல்தான் பேசினாள்.

“எப்பா, ஒரு கேள்வி. நான் போயிட்டு இருக்கேன். எனக்கு இடது பக்கத்துல இருந்து ஒரு கப்பல் குறுக்க வருது. யாரு வழிவிடணும்?”

“அவன் விடணும்.”

“நான்?”

“நீ கோர்ஸ மாத்தக் கூடாது.” பழக்கதோஷம். சுக்கான் பிடித்த வாய் தானாகச் சொல்லிவிட்டது. “ஸ்பீடயும் கொறைக்கக் கூடாது. நீ மாத்துனா அவனுக்குக் கொழம்பிரும்.”

“அதான்ப்பா. நான் மாத்தப் போறதில்ல. பரீட்சைக்குப் போறேன். மாப்ள வீட்டுல சொல்லிருங்க.”

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. போனை வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வைக்கவில்லை.

“ஏளா... அவன் வழிவிடலன்னா என்ன செய்வ?”

தகப்பன் கேட்டாரா, பரீட்சை அதிகாரி கேட்டாரா, எனக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

“குட்டைக் குட்டையா அஞ்சு ஹார்ன் அடிப்பேன். ‘நீ என்ன செய்யப் போறன்னு எனக்குத் தெரியல, கவனி’ன்னு அர்த்தம்.”

“ம்” என்றார். போன் கட்டாகிவிட்டது.

அவள் கண் நிறைந்திருந்தது. இந்த முறை குழம்பு இல்லை. நான் பார்த்தேன் என்று தெரிந்ததும் புறங்கையால் துடைத்துவிட்டு, “பேனா இருக்கா மேடம்?” என்றாள். முதல் பக்கம் போய்விட்டதால் அடுத்த பக்கத்தில், புத்தகத்தின் பெயர் அச்சாகியிருந்த இடத்துக்கு மேலேயே, தன் பெயரைப் பெரிதாக எழுதினாள். கிழித்தால் புத்தகத்தின் பெயரும் சேர்ந்துதான் கிழியும்.

இன்னொரு நீலப் பின் எங்கே என்று கேட்டாள். ஒன்றுதானே இருந்தது என்றேன். இல்லை, இரண்டு. அப்புறம்தான் ஞாபகம் வந்தது: கடையில் புரட்டும்போது ஒன்று கீழே விழ, எடுத்துக் கைப்பையில் போட்டிருந்தேன். போன வாரப் பத்தியின் கத்தரிப்பைச் செருகி வைக்க அது உதவியாக இருந்தது. எடுத்து வந்து நீட்டினேன். பின்னை உருவிக்கொண்டாள், பத்தியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“பின்னை எனக்கு ஞாபகமா வச்சுக்கட்டுமா?” என்று கேட்க வாய் வந்தது. வெட்கமாக இருந்தது, கேட்கவில்லை. பழைய புத்தகத்தில் கிடைப்பதையெல்லாம் ‘விட்டுப்போன பொருள்’ என்று எத்தனை வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்! எல்லாம் விட்டுப்போனவையா? பிடுங்கிக்கொண்டவையும் அதில் இருக்கும்தானே?

அலுவலகத்தில் சொன்னபோது, பக்கம் பார்க்கிற தம்பி, “கீழ மூலைல ‘திருத்தம்’னு ஒரு வரி போட்டுரலாம் மேடம்” என்றான். பேத்துவதற்கு முழுப் பத்தி, திருத்துவதற்கு ஒரு வரியா? முடியாது என்றுவிட்டேன். ரோஸ்லினிடமும் கேட்டேன்: “பேரைப் போடலாமா? மாப்பிள்ளை வீட்டிலும் படிப்பார்களே?”

“படிக்கட்டும் மேடம். அதுக்குத்தான போடச் சொல்லுதேன்.”

போட்டுவிட்டேன். மணப்பாட்டு அண்ணாச்சி, நீங்கள் இந்தப் பத்தியைத் தவறாமல் படிப்பவர் என்று எனக்குத் தெரியும். இதையும் வெட்டி மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புங்கள்.

இது முதல் ஹார்ன். இன்னும் நாலு இருக்கிறது.