பெரியப்பாவின் மானமுள்ள வயிறு

மட்டக்களப்பில் தாதிப் பயிற்சியின் முதல் வருடத்தை முடித்து, லீவுக்கு எங்கள் ஊரான பாலையூற்றுக்கு வந்திருந்தேன். அடுத்த வருடம் சத்திரசிகிச்சைப் பாடம். படிக்காமல் வருகிறவள் வாசலோடு திரும்பிப் போகலாம் என்று எங்கள் ஆசிரியை சொல்லி அனுப்பியிருந்தார். கச்சான் காற்று வெளியே மணலை வாரி எறிய, நான் குசினிக்குள் இருந்து குடலையும் ஈரலையும் மனப்பாடம் செய்தேன். பழைய வேட்டியைக் கிழித்து வீட்டுக் கதிரைக் கால்களுக்கெல்லாம் கட்டுப் போட்டுப் பழகினேன். ஒரு கதிரையும் முனகவில்லை.

முனகினவர் பெரியப்பா. அப்பா செத்த பிறகு எங்கள் வீட்டுக் கறிக்கு உப்புப் போடுவதற்கும் அவரைத்தான் கேட்க வேண்டும். துறைமுகக் கந்தோரில் வெள்ளைக்காரத் துரைமாருக்குக் கீழே கிளாக்கராக இருந்தவர். தும்மல் வந்தாலும் லேஞ்சியை எடுத்து விரித்த பிறகுதான் தும்முவார். தும்மலும் மரியாதையாகக் காத்திருக்கும். “பிற ஆம்பிளையளின்ரை பீ மூத்திரம் அள்ளுறவளை ஆர் கட்டுவான்? இனிப் போகத் தேவையில்லை” என்று தீர்ப்புச் சொன்னார். போக விடாவிட்டாலும் பாடம் என் தலைக்குள் இருக்கட்டும் என்ற வீம்பில் அழுதழுது படித்தேன்.

ஆண்டவர் செவிடர் அல்ல. லீவு முடியும் முன்னமே பெரியப்பாவுக்குக் குடல் அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறினார்கள். பகலில் பக்கத்தில் இருக்க அள்ளத் தெரிந்த ஒருத்தி வேண்டுமே, என்னைக் கூப்பிட்டார்கள்.

வயிற்றைக் கீறிய ஆளுக்குக் குடல் மறுபடி அசையத் தொடங்கும்வரை பச்சைத் தண்ணீரும் கொடுக்கக் கூடாது. அசைந்ததற்கு அடையாளம், கீழே காற்றுப் போவது. இதை மனப்பாடம் செய்துதான் வந்திருந்தேன். தாதி மிஸ்ஸி காலையும் மாலையும் கட்டில் கட்டிலாக வந்து, “காத்துப் போச்சா ஐயா?” என்று கேட்பார். பக்கத்துக் கட்டிலில் கிடந்த மூதூர் முஸ்லிம் பெரியவர், எல்லாருக்கும் காக்கா, “நல்லாப் போச்சு மகள், அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லிக் கஞ்சியை வாங்கிக் குடித்தார். பெரியப்பா முகட்டைப் பார்த்தபடி, அப்படி ஒன்றும் இல்லை என்பார்.

சொன்ன கையோடு போர்வைக்குள் வேறு கதை நடக்கும். எனக்குக் கேட்டது. காக்காவுக்கும் கேட்டது. பெரியப்பாவைப் பொய்யராக்க இரண்டு பேருக்கும் துணிவு வரவில்லை. பெரியம்மா கரியரில் கோழி சூப் கொண்டு வந்து நிற்பார். டொக்டர் சொல்லாமல் கொடுக்க ஏலாது என்று நான் தடுத்தால், நெஞ்சில் ஈரமில்லாதவள் என்று எனக்குத்தான் பேச்சு விழும். பெரியப்பா சூப்பின் வாசத்தை மட்டும் விழுங்கினார். பிள்ளை மாதிரி இருக்கிற மிஸ்ஸியிடமும் பெறாமகளான எனக்கு முன்னாலும் அந்தச் சொல்லைச் சொல்வதைவிடப் பட்டினி கிடப்பது அவருக்கு மேல்.

கடைசியில் டொக்டர் வந்து தலையை ஆட்டினார். இவ்வளவு நாளாகியும் குடல் அசையாவிட்டால் திரும்பத் திறந்துதான் பார்க்க வேண்டும் என்றார். பெரியப்பாவின் முகம் வெளிறிவிட்டது. அப்போதும் வாய் திறக்கவில்லை. வயிற்றைத் திறக்கலாம், வாயைத் திறக்க ஏலாதாம்! எனக்கு அடக்க முடியவில்லை.

“டொக்டர், நேற்றே காத்துப் போச்சு. நான் கேட்டனான்.”

“நானும்தான்,” என்றார் காக்கா.

டொக்டர் வயிற்றில் காதுக்குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, உண்மையா என்று அவரையே கேட்டார். பெரியப்பா தலையணைக்குக் கீழே தடவி லேஞ்சியை எடுத்து, விரித்து, முகத்தை மூடிக்கொண்டு “ஓம்” என்றார். அன்று பின்னேரம் கஞ்சியைக் கரண்டியால் பருக்கினேன். கண்ணை மூடிக்கொண்டே குடித்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா பயந்து பயந்து என் படிப்புக் கதையை எடுத்தார். பெரியப்பா என் பக்கம் திரும்பவேயில்லை.

“போகட்டும். நாளைக்கே போகட்டும். இஞ்சை நிண்டாளெண்டால் ஊர் முழுக்கச் சொல்லிப்போடுவாள்.”

படிப்பின் அருமை தெரிந்து பெரியப்பா மனம் மாறிவிட்டார் என்று அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினார். நான் வாயைப் பொத்திக்கொண்டு பஸ் ஏறினேன்.